இஞ்சிவிளை நெக்காசா

"அப்பா, ஒரு டீமை வித்துப்போட்டா, பிறகு அது தோத்தா யாரு கரைஞ்சு அழணும்? வித்தவனா, வாங்குனவனா?"

ரெஜிலா இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயசு. மெக்சிக்கோ கதை சொன்னால்தான் சோறு இறங்கும் பிள்ளை. யோசுவா சிரித்துவிட்டு, "அதெல்லாம் அங்க மக்கா. நம்ம நாட்டுல டீமை யாரு விக்கா? தின்னு" என்று அடுத்த உருண்டையை ஊட்டினான். பிள்ளை கேட்டதற்குத் தான் பதிலே சொல்லவில்லை என்பது சில வருஷம் கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது.

அந்தக் கதை கடலோரப் பூவாரிலிருந்து வந்தது. சரக்குக் கப்பலில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரன் பொன்னப்பன், மெக்சிக்கோத் துறைமுகம் ஒன்றில் நாள்கணக்காகக் கிடந்தபோது, சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட ஒரு பனியனை வாங்கி, அதை உடுத்துகிற கால்பந்துக் கிளப்பின் சரித்திரத்தையும் கேட்டுக்கொண்டு வந்தான். நெக்காசா என்பது ஓர் ஆற்றின் பெயர். அந்த ஆற்றில் கரண்டு எடுத்த கம்பெனியின் தொழிலாளிகளுக்கு ஒரு டீம், டிராம் வண்டித் தொழிலாளிகளுக்கு ஒரு டீம். இரண்டையும் ஒன்றாக்கி 1923இல் தொடங்கியதுதான் அந்தக் கிளப். முப்பதுகளில் ஒருவன் மனசை ஒருவன் அறிந்து ஆடியதால் அவர்களைப் பதினோரு சகோதரர்கள் என்றே அழைத்தார்கள். ஆட்டத்துக்குக் கூலி பேசும் காலம் வந்ததும் கிளப் கலைந்தது. பிறகு எழுந்தது. 1971இல் விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் பெயரையே மாற்றினார்கள். பதினோரு வருஷம் கழித்துத்தான் ஆற்றின் பெயர் அதற்குத் திரும்பக் கிடைத்தது.

யோசுவா வயரிங் வேலைக்காரன். கரண்டுக்காரர்களின் டீம் என்றதும் அவனுக்கு அது சொந்தக்காரர் வீட்டுச் சங்கதி போலாகிவிட்டது. சைக்கிள் கடை வைத்திருந்த ரெத்தினதாஸ் அவனுடைய கூட்டுக்காரன். ஒரே சபையில் ஞாயிறு பள்ளி படித்தவர்கள். இருவரும் சேர்ந்து பாறசாலைப் பக்கத்துப் பையன்கள் ஏழு பேரைப் பிடித்து, ஏழுபேர் கால்பந்தான செவன்ஸ் ஆடுவதற்கு, ஊர்ப் பெயரையும் சேர்த்து 'இஞ்சிவிளை நெக்காசா'வைத் தொடங்கினார்கள். பனியன்களை யோசுவாவின் மனைவி புஷ்பபாய் தைத்தாள். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஏழு பனியனையும் ஒரு வீட்டில் துவைக்க வேண்டும். வீடு மாறி மாறி வரும். பையன்களில் தாணுமாலயனின் அம்மா துவைத்தால் பனியனில் சாம்பிராணி மணக்கும். ஜித்தின் வீட்டில் துவைத்தால் மீன் மணக்கும் என்று கேலி செய்வார்கள்.

கிளப்பைப் பதிவு செய்வதில் ஒரு சிக்கல் இருந்தது. அவர்கள் குடியிருந்த இடைவழியின் ஒரு பக்கம் கேரளம், மறுபக்கம் தமிழ்நாடு. யோசுவாவின் வாசல் தமிழ்நாட்டில் பட்டது. நெய்யாற்றின்கரைப் போட்டிகளுக்குக் கேரள விலாசம் வேண்டும் என்றார்கள். எதிர்வாசல் ரெத்தினதாஸுடையது. "உனக்க பேருல போடு. உனக்கதும் எனக்கதும் ஒண்ணுதானே" என்றான் யோசுவா. எல்லைக்காரர்கள் காலம்காலமாகச் செய்வதுதான். ரேஷன் கார்டு அந்தப் பக்கம் இருக்கும், பிள்ளை படிப்பது இந்தப் பக்கம் இருக்கும். யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை.

1995 கோடையில் நெய்யாற்றின்கரையில் போட்டி. துவைக்கும் முறை யோசுவா வீட்டுக்கு வந்திருந்தது. பையன்கள் நேரே வந்துவிடுவார்கள் என்று ரெத்தினதாஸ் சொல்லியிருந்தான். யோசுவா பனியன் பையை மடியில் வைத்துக்கொண்டு பாறசாலையிலிருந்து பஸ் ஏறினான். மைதானத்துக்குள் நுழையும்போதே மைக்கில் காட்டாக்கடை ஊர் டீமின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கே மரச்சாமான் கடை வைத்திருந்த ஞானசிகாமணி முதலாளியின் டீமாம். மஞ்சள் ஜெர்சியும் புது பூட்ஸுமாகக் களத்தில் நின்ற தன் பையன்கள் ஏழு பேரையும் பார்த்தபோது, பையின் காது அவன் கையில் முறுக்கிக்கொண்டது.

கோல் காக்கும் தாணுமாலயன் அவனைக் கண்டு ஓடி வந்தான்.

"அண்ணே, டீமை முதலாளிக்குக் கொடுக்க நீங்களும் சம்மதிச்சீங்கன்னு ரெத்தினண்ணன் பறைஞ்சாரு. நாங்க நம்பல்ல. எனக்கும் ஜித்தினுக்கும் கடையில ஜோலியும் தாறாராம். நீங்க சம்மதிச்சது உள்ளதுதானா?"

கொஞ்ச தூரத்தில் ரெத்தினதாஸ் ஒரு பந்தை அமுக்கிக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை.

ஒரு வார்த்தை போதும். 'இல்லை' என்றால் இந்த ஏழு பேரும் மஞ்சளைக் கழற்றி அங்கேயே எறிந்துவிடுவார்கள். அது யோசுவாவுக்கு நன்றாகத் தெரியும். கிளப் கைவிட்டுப் போகாது. ஆனால் தாணுமாலயனின் வேலை போய்விடும். அவன் அப்பா படுத்த படுக்கையாகக் கிடப்பதும் யோசுவாவுக்குத் தெரியும். மனசுக்குள் ஆண்டவரே என்று ஒருமுறை சொல்லிக்கொண்டான்.

"உள்ளதாக்கும் மக்கா. போய் நல்லா விளையாடு."

பையனின் முகம் தெளிந்தது. அதைப் பார்ப்பதுதான் யோசுவாவுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆட்டம் தொடங்கிய பிறகு அவன் ரெத்தினதாஸின் பக்கத்தில் போய் நின்றான். இருவரும் களத்தையே பார்த்தபடி பேசினார்கள்.

"எனக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், ரெத்தினா."

"கேட்டிருந்தா நீ விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"பிறகு என்ன எளவுக்குக் கேக்க? அவரு பயலுவளுக்கு பூட்ஸு கொடுக்காரு, ஜோலி கொடுக்காரு. நீ என்ன கொடுப்பே? ஜெபமா?"

"அதுக்கு நான் சம்மதிச்சேன்னு சொல்லணுமா? எனக்க பேரைச் சொல்லி எனக்க பயலுவள ஏமாத்தணுமா?"

யோசுவா அங்கே நிற்காமல் கூட்டத்துக்குப் பின்னால் போய்விட்டான்.

மஞ்சள் டீம் கடைசி நிமிஷத்தில் ஒரு கோலில் தோற்றது. முதலாளி ஜீப்பில் ஏறிப் போனார். ரெத்தினதாஸ் வெற்றிலைக் கடைப் பக்கம் ஒதுங்கினான். ஜித்தின் புல்லில் குப்புறக் கிடந்தான். கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது யோசுவா பனியன் பையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். தோற்றது தன் டீம் இல்லை என்று கண்ணுக்கு யார் சொல்வது?

அதே வருஷம்தான் மெக்சிக்கோவில் நெக்காசா நெடுங்காலத்துக்குப் பிறகு கோப்பையை வென்றது. பிறகொரு நாள் விடுமுறைக்கு வந்த பொன்னப்பன் அதைச் சொன்னபோது, "நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டு யோசுவா பிளையரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

சபையில் இருவரும் வேறு வேறு பெஞ்சுக்கு மாறிக்கொண்டார்கள். கர்த்தருடைய ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றிய வரி வரும்போது யோசுவாவின் உதடு நின்றுவிடும். மற்றவர்கள் அதைக் கடந்த பிறகுதான் சேர்ந்துகொள்வான். சொல்ல முடியாததைச் சொன்னதாகப் பாவிக்க அவனுக்கு வரவில்லை.

அந்தக் கோடையின் முடிவில், இடவப்பாதி என்னும் பருவமழைக்கு வானம் கறுக்கத் தொடங்கியது. அப்போதுதான் ரத்னபாய்ச் சித்தியின் வயல் அவன் நினைவுக்கு வந்தது. கணவனை இழந்த அவள், அறுவடைக்குப் பிறகு தன் வயலைக் கோடை முழுக்கப் பையன்கள் பந்து விளையாட விட்டுவிடுவாள். நடுவிலிருக்கும் வரம்புகளை வெட்டித் தள்ளித்தான் மைதானம் ஆக்குவார்கள். அவள் கேட்பது ஒன்றுதான்: மழை விழுமுன் வரம்பைப் பழையபடி கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் தண்ணீர் நிற்காது, விதை ஒழுகிப் போகும். ஆளுக்கொரு துண்டு என்று பிரித்துக்கொண்டு எல்லாருமாகச் செய்வார்கள். அவள் மரச்சீனிக் கிழங்கு அவித்துத் தருவாள். இந்த வருஷம் பையன்கள் காட்டாக்கடையில் இருந்தார்கள். கிளப்பே இல்லாதபோது கிளப்பின் வாக்கை யார் நிறைவேற்றுவது? சித்தி யாரிடமும் கேட்கவில்லை. அவள் கேட்கிறவள் அல்ல.

ஒரு விடியலில் யோசுவா மண்வெட்டியோடு வயலுக்கு இறங்கினான். தாணுமாலயனின் துண்டு, ஜித்தினின் துண்டு என்று ஒவ்வொன்றாக மண் இழுத்து, மிதித்து, பக்கம் தேய்த்துக்கொண்டு போனான். வயரைப் பிடித்துப் பழகிய கையில் கொப்புளம் வந்தது. தன் துண்டையும் முடித்தான். மிச்சம் இருந்தது ஓடையோரத் துண்டு. அது ரெத்தினதாஸுடையது. எல்லாவற்றிலும் நீளமானது அதுதான். தண்ணீர் முதலில் வந்து முட்டுவதும் அங்கேதான்.

அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் அதைப் பார்த்தான். அப்படியே விட்டுவிட்டுப் போனால் அவனைக் கேட்க யாரும் இல்லை. நெஞ்சில் மைதானத்து மைக் மறுபடியும் ஒலித்தது. ஜெபமா என்று கேட்ட குரலும் ஒலித்தது.

தூரத்தில் முதல் இடி உருண்டது. அவன் குனிந்து முதல் மண்ணை வெட்டி வரம்பில் போட்டான்.

கடைசி மண்ணை மிதித்து முடித்தபோது தூறல் விழுந்துவிட்டது. ஓடையில் மண்வெட்டியைக் கழுவினான். சித்தி வயல் பக்கம் வருமுன் கரையேறி வீட்டுக்குப் போனான்.