வழியம்மன் கல்

மழை விட்டதும் கல்பாதை கறுப்பாக மின்னும். இரண்டு பக்கமும் புளியமரம். இலையிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்கும்.

அந்த மழைக்காலத்தில் அதுவும் கேட்கவில்லை. ஊரே கத்திக்கொண்டிருந்தது.

பழமையான சாலை என்று அரசு அறிவிக்க வேண்டும் என்றது பாதி ஊர். கல்லைப் பெயர்த்துவிட்டு அகலமாகத் தார் போட வேண்டும் என்றது மீதி. டீக்கடையில் சண்டை. ரேஷன் கடை வரிசையில் சண்டை. கல்யாணப் பந்தியில்கூடச் சண்டை, போங்கள்!

முப்பிடாதி பழமைக் கட்சி. சரித்திரத்தை அவள் என்ன கண்டாள்? பாதையோரத்தில் அவள் வீடு. ரோடு அகலமானால் முதலில் இடிவது அதுதான். புருஷன் போன பிறகு அவளுக்கென்று இருப்பதும் அது ஒன்றுதான்.

வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினாள். தார் ரோடு கேட்ட லாரிக்காரன் செல்லையாவை நடுத்தெருவில் நிறுத்தினாள். "ஏல, உன் லாரி போக என் வீடுதான் கெடச்சுதா?" அவன் நழுவிப் போனான்.

ஒரு செவ்வாய்க்கிழமை தொல்லியல் அதிகாரி வந்தார். சின்னப் பெண். கையில் அளவு டேப். ஊர் முழுக்க அவர் பின்னால்.

"பாதை பழசுங்கறதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்காம்மா?"

இருக்காவா! முப்பிடாதி அவர் கையைப் பிடித்து அடுப்படிக்கே இழுத்துக்கொண்டு போனாள்.

மூலையில் வழியம்மன். முழங்கால் உயரக் கல். செவ்வாய்தோறும் மஞ்சள், குங்குமம், ஒரு தம்ளர் பானகம். சாமியை இடம் மாற்றக் கூடாது என்பது அந்தக் குடும்பத்துக் கட்டு. புருஷனின் தாத்தா வீடு கட்டும்போதும் நகர்த்தவில்லை. சாமியைச் சுற்றித்தான் சுவர் எழுப்பினார்.

அதிகாரி மஞ்சளைத் துடைத்தார். அடியில் எழுத்து. பழைய, பழைய எழுத்து. வாசலில் நின்ற ஊர் வாயைப் பிளந்தது.

"வேற எங்க இருந்தாவது கொண்டாந்து வச்ச கல்லா?"

முப்பிடாதி கல்மேல் கையை அடித்தாள். "இந்த ஆத்தா மேல சத்தியம். ஒரு விரக்கடை நகத்தல."

அதிகாரி வாசல்வரை அளந்தார். மறுபடி அளந்தார். முகம் மாறிவிட்டது.

"இது பாதையோட ஓரக்கல்லும்மா. கல்லுலயே எழுதிருக்கு. பாதை இதுவரைக்கும் வருது. உங்க வீடு பாதை மேல நிக்குது."

"பழசுன்னு அறிவிச்சா?"

"வீட்ட எடுக்கச் சொல்லுவாங்க."

முப்பிடாதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூரையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். தன் வாயால். ஐயோ, தன் வாயாலேயே.

செல்லையாதான் முதலில் பதறினான். "எக்கா, கொண்டாந்து வச்சதுன்னு சொல்லிரு. வீடு தப்பிச்சிரும். ஒரு வார்த்ததான."

அதிகாரியும் பேனாவை நிறுத்தினார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

அவள் கை இன்னும் கல்மேல் இருந்தது. விரலெல்லாம் மஞ்சள். எடுக்கப் பார்த்தாள். வரவில்லை.

"நகத்தல தாயி. எழுதிக்கோ."

எழுதினார். ஒவ்வொருவராக வெளியே போனார்கள். செல்லையா தலையைக் குனிந்துகொண்டு போனான்.

முப்பிடாதி கல்லின் முன்னால் அப்படியே உட்கார்ந்தாள். அழுகைகூட வரவில்லை.

"தல தலமொறையா உன்ன ஒரு விரக்கடை நகத்தலையே. எங்கள நகத்திட்டியே, ஆத்தா."