இருநூற்றுப் பதினொரு வட்டங்கள்

வந்திருந்தவர்கள், கிளப் மேனேஜர், பல்கலைக்கழகப் பேராசிரியர், செயற்கைப் புல் கம்பெனிக்காரர், மைதானப் பராமரிப்பாளர், இரவுக் காவலாளி, ஆக ஐந்து பேர், மேனேஜர் நோட்டில் இப்படித்தான் எழுதியிருந்தார், எதிரே உட்கார்ந்திருந்த எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது, நான்காவது ஆள் என் அப்பா, ஐந்தாவது நான், ஆனால் பட்டியலில் உறவுமுறைக்கு இடம் ஏது... மணி நான்கு, காலையில் ஷிப்ட் முடிந்து போய்ப் படுத்தவனை இரண்டு மணிக்கே எழுப்பிவிட்டார்கள், சாவிக்கொத்தை அப்பா ஒப்படைக்க வேண்டும், வாங்கிக்கொண்டதாகக் காவலாளி கையெழுத்துப் போட வேண்டும், அதற்குத்தான் நான், வேறு எதற்கும் இல்லை, கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்ட மாதிரி எரிகிறது. மேஜை நடுவில் நீல அட்டை போட்ட அறிக்கை கிடக்கிறது. அட்டையில் பெயர் இல்லை, மாணவர் பதிவெண் மட்டும், ஏழு இலக்கம், அந்த ஏழு இலக்கமும் நான்தான். இது இந்த அறையில் யாருக்குத் தெரியும்? எனக்கு மட்டும், ஏழு மாதமாக எனக்கு மட்டும். பேராசிரியர் உள்ளே வந்ததும் என்னிடம்தான் குடையை நீட்டினார், "இத அந்த ஓரமா வைப்பா" என்றார், நான்கு செமஸ்டரில் மூன்று செமஸ்டர் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து இவர் முகத்தைப் பார்த்தவன் நான், காக்கிச் சட்டையும் தொப்பியும் போட்டால் ஒரு ஆள் இவ்வளவு சுலபமாகக் காணாமல் போக முடியுமா... முடிகிறது, நல்லதுக்குத்தான், குடையை ஓரமாக வைத்தேன்.

விளையாட்டு மேலாண்மை, முதுகலை, இரண்டு வருஷம். பந்தை உதைக்கத் தெரியாதவனுக்கும் மைதானத்தில் ஒரு இடம் உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள், எனக்காகவே எழுதியது போல இருந்தது, இடது முழங்கால் பதினாறு வயதிலேயே போய்விட்டது, அதற்குப் பிறகும் மைதானத்தை விட்டுப் போக மனசில்லாத ஜென்மம். ஸ்பான்சர், ஒளிபரப்பு உரிமை, சீசன் டிக்கெட், ரசிகனை எத்தனை வகையாகப் பிரிக்கலாம், ஒரு நாற்காலி ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் சும்மா கிடக்கிறது... "உணர்ச்சிய ரசிகன்கிட்ட விட்டுடுங்க, நமக்கு எண்ணு போதும்" என்பார் இந்தப் பேராசிரியர், நாங்கள் அறுபது பேரும் எழுதிக்கொள்வோம், உணர்ச்சியைக்கூட எழுதித்தானே வைத்துக்கொண்டோம். களஆய்வுக்கு ஒரு கிளப்பை எடுக்க வேண்டும் என்றதும் மற்றவர்கள் கடிதம் எழுதி அனுமதிக்காக அலைந்தார்கள், எனக்கென்ன, அப்பா இருபத்தாறு வருஷமாகப் புல் வளர்க்கிற கிளப், கையில் வெண்ணெய். அவருடைய டைரியைக் கேட்டேன். எதுக்குடா என்றார், காலேஜுக்கு என்றேன், அவ்வளவுதான், துடைத்துக் கொடுத்தார், அட்டையில் மண் இருந்ததாம். தேதிக்கு ஒரு வரி, தண்ணீர் விட்ட மணி, உரம் போட்ட அளவு, வடக்கு கோல் பக்கம் நிழல் விழுந்து வழுக்கையாகிற இடம், பாதிக்கு மேல் தேதிகளில் எழுத்தே இல்லை, சின்னதாக ஒரு வட்டம் மட்டும். மேட்ச் முடிந்தால் மிதிபட்ட புல் எழுந்திருக்க நாள் ஆகும், அதுவரை கயிறு கட்டி யாரையும் இறக்க மாட்டார், கேப்டனே வந்து கெஞ்சினாலும், அதற்குத்தான் வட்டம், சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா. வட்டங்களை எண்ணினேன், ஒரு வருஷத்துக்கு இருநூற்றுப் பதினொன்று. அதற்கு நான் வைத்த தலைப்பு, முடங்கிய நாட்கள். ஓய்வு என்று எழுதியிருக்கலாமே... எழுதலாம், ஓய்வுக்கு மார்க் கிடையாது. கிளப்பின் மிகப் பெரிய சொத்து ஆண்டில் இருநூற்றுப் பதினொரு நாள் முடங்கிக் கிடக்கிறது, ஓய்வு கேட்காத தரை வேண்டும், பரிந்துரை ஒன்று, செயற்கைப் புல், பரிந்துரை இரண்டைப் பற்றி யாருக்கு இப்போது கவலை, வகுப்பிலேயே அதிக மார்க். இவர் அதைக் கிளப்புக்கு அனுப்புவார் என்று யார் கண்டது, கிளப்பில் அதைப் படிப்பார்கள் என்றுதான் யார் கண்டது, மாணவன் எழுதிய எதையாவது யாராவது படித்து நான் பார்த்ததே இல்லை. "கிளப்புக்கு அனுப்பினேன், ஏத்துக்கிட்டாங்க" என்று இவர் வகுப்பில் சொன்னபோது அறுபது பேர் கை தட்டினார்கள், நானும் தட்டினேன், கை தானாகத் தட்டியது. மறுநாள் போகவில்லை, அதற்கடுத்த நாளும், கடைசிப் பரீட்சைக்கும். வீட்டில் கேட்டதற்கு, படிப்பு பிடிக்கல என்றேன். அம்மா இரண்டு வாரம் அழுதாள், அப்பா ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம், கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ... மாட்டேன்.

கம்பெனிக்காரர் மாதிரித் துண்டு ஒன்றை மேஜையில் விரித்தார், முழங்கை அளவு, பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை, கண் கூசுகிறது. தடவிப் பாருங்க என்று எல்லோர் பக்கமும் தள்ளினார், மேனேஜர் தடவினார், பேராசிரியர் தடவினார், அப்பா உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. "இதுக்குப் பசி தாகம் கிடையாதுங்க. வெயிலு மழை பாக்காது. காலையில ஸ்கூல் பசங்க, சாயங்காலம் மேட்ச், வருஷம் முழுக்க ஆடலாம்" என்றார் கம்பெனிக்காரர். "பசி தாகம் இல்லன்னா அது போய்ச் சேந்து நாளாச்சுன்னு அர்த்தம்" என்றார் அப்பா, மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார், கம்பெனிக்காரரும் சிரித்தார், அப்பா மட்டும் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். "அண்ணே, உங்கள விட்டுட மாட்டோம். கேட்ல டிக்கெட் பாக்குற வேலை இருக்கு, நிழல்ல உக்காரலாம்" என்றார் மேனேஜர், நல்ல மனிதர்தான், கஷ்டப்பட்டுத்தான் சொன்னார். "நிழல்ல எதுவும் வளராது தம்பி" என்றார் அப்பா. சிரிப்பு இந்தத் தடவை வரவில்லை. நான் தொப்பியைச் சற்று இறக்கிக்கொண்டேன், உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்களே, நான் உண்டது, படுத்தது, படித்தது எல்லாம் இந்தப் புல்லில்தானே, அதன் தலையில்தானே... போதும், கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிடலாம், இன்னும் பத்து நிமிஷம், பத்து நிமிஷம் இவர் வாயில் என் பதிவெண் வராமல் இருந்தால் போதும்.

பதிவெண் வரவில்லை. எண்தான் வந்தது. மேனேஜர் நீல அட்டையைத் திறந்து, நோட்டில் எழுத வேண்டுமே என்பதற்காக, சத்தமாகப் படித்தார், ஆண்டில் முடங்கிய நாட்கள் இருநூற்றுப் பதினொன்று. அப்பா நிமிர்ந்தார். "இருநூத்தி ஒம்போது" என்றார். பேராசிரியர் புன்னகைத்தார், வகுப்பில் தப்பாகப் பதில் சொல்கிறவனைப் பார்த்துப் புன்னகைப்பாரே, அதே. "இல்லைங்க ஐயா, எழுதின பையன் நாள் நாளா எண்ணியிருக்கான். எண்ணுல தப்பு வராது." "எண்ணுனதுல தப்பில்ல சார். வட்டம் இருநூத்திப் பதினொண்ணுதான். அதுல ரெண்டு தரைக்குப் போட்டதில்ல, எனக்குப் போட்டது. லீவு." வட்டமா, என்ன வட்டம், மேனேஜர் பக்கத்தைப் புரட்டுகிறார், வட்டம் அதில் எங்கும் இல்லை, நான் எழுதவில்லை, வட்டம் என்ற ஒன்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நாற்காலியின் கீழே பூட்ஸுக்குள் விரல்களை மடக்கி மடக்கி விரித்தேன். "ஐயாவுக்கு அந்தப் பையனத் தெரியுமா?" என்றார் பேராசிரியர், "கெட்டிக்காரன். பரீட்சைக்குத்தான் வரல. இப்ப எங்க இருக்கானோ." அப்பா என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார், ஜன்னலில் மைதானம் இருந்தது. "பாத்திருக்கேன்" என்றார். அவ்வளவுதான். மேனேஜர் நோட்டில் எண்ணைத் திருத்தவில்லை, இரண்டு நாளால் என்ன குடி முழுகிப்போகிறது. சாவிகளை அப்பா ஒவ்வொன்றாக வைத்தார், தண்ணீர்க் குழாய் அறை, உருளை வைக்கிற ஷெட், வடக்கு கேட், அந்தக் கேட்டுக்குள் ஆள் குனிந்து நுழைகிற திட்டிவாசல், நான் கையெழுத்துப் போட்டேன், என் கையெழுத்தை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

எல்லோரும் காரில் போனார்கள், பேராசிரியருக்குக் குடையை எடுத்துக் கொடுத்தேன், தேங்க்ஸ்பா என்றார். அப்பா ஷெட்டுக்குப் போய்ப் பழைய செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார், மைதானத்தின் குறுக்கே வரவில்லை, கோட்டை ஒட்டிச் சுற்றியே வந்தார், நாளைக்குச் சுரண்டி எடுக்கப்போகிற புல்லை மிதிக்காமல்... அப்போதுதான் கணக்குப் பார்த்தேன், அறிக்கையின் பிரதி ஒன்றை மேனேஜர் அப்பாவுக்குக் கொடுத்தது மழை ஆரம்பித்தபோது, அதைத் தினம் சாயங்காலம் விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கு ஒரு வாரம் ஆனது, அதற்கடுத்த வாரம்தான் மேனேஜரிடம் பேசி இந்தக் காவல் வேலையை எனக்கு வாங்கிக்கொடுத்தார். எண்ணைப் படித்த பிறகா வாங்கிக்கொடுத்தார்? எழுதியது நான் என்று தெரிந்தா? எதற்கு, சோறு போட வேண்டுமே என்றா, ராத்திரி ராத்திரியாக அந்தப் புல்லின் பக்கத்தில் நிற்கட்டும் என்றா... மன்னிப்பா தண்டனையா என்று கேட்டால் அவருக்கே புரியாது, அவர் அந்த மாதிரி வார்த்தையில் யோசிக்கிற ஆள் இல்லை. திட்டிவாசலுக்கு வந்துவிட்டார்.

"தாழ்ப்பாள் ஒழுங்கா விழாது. ரெண்டு தடவ இழுத்துப் பாரு."

"அப்பா... அந்த ரெண்டு நாள்."

"ஒண்ணு உன்னக் காலேஜ்ல சேத்த அன்னிக்கு."

"இன்னொண்ணு?"

அவர் குனிந்து வெளியே போனார், நிலை தாழ்வு, இருபத்தாறு வருஷமாகக் குனிந்தே போய்ப் பழகிய முதுகு. "எண்ணுனவன் நீதானேடா" என்றார், திரும்பாமல், கோபம் இல்லாத குரல், அதில் கொஞ்சம் கோபம் இருந்திருந்தால் தேவலை. எண்ணியவன் நான்தான், ஒவ்வொரு தேதியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றியவன் நான்தான், வட்டம் என்றால் எல்லாம் ஒரே வட்டம்தானா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அந்தப் பக்கம்தான் தூங்கிக்கொண்டிருந்தார், நடுவே ஒரு சுவர்கூட இல்லை, அலமாரிதான் இருந்தது. என்ன தேதி அது? மழைக்காலமா, வெயிலா, திங்களா, எங்கே போனார், யாரைப் பார்க்கப் போனார், உடம்புக்கு ஏதாவதா... ஒரு தேதிகூட ஞாபகம் வரவில்லை, கூட்டிய தொகை மட்டும் வருகிறது. செருப்புச் சத்தம் வெளியே தேய்ந்துகொண்டே போனது. கதவைச் சாத்தினேன், தாழ்ப்பாளைத் தள்ளினேன், சாவியைத் திருப்பினேன், இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.