காத்து வர்ற கட்டில்

கமலக்கண்ணனைக் கெட்டவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை, அவன் பாட்டுக்கு நிம்மதியாக இருந்திருப்பான். திண்டுக்கல்லில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் தரப்பிரிவு அதிகாரி. வேலையில் சுத்தம், பேச்சில் சுத்தம், சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது. நோயாளிக்கு மருந்து மாறிப் போய்விடக் கூடாதே என்று உண்மையாகவே கவலைப்படுகிறவன். அந்தக் கவலைதான் அவனைச் சென்னைக்கு ஒரு பயிற்சிக்குக் கொண்டுபோனது.

அங்கே சொல்லிக்கொடுத்தது நல்ல விஷயம்தான். எதைச் செய்தாலும் அதைப் புழங்குகிற மனுஷனை நடுவில் வைத்துச் செய். அவன் எங்கே தடுமாறுகிறான் என்று கூட இருந்து பார், பார்த்த பிறகு பேனாவை எடு. மருந்து தவறினால் நர்சைத் திட்டாதே, அவளைத் தவற வைத்தது எது என்று தேடு. கமலக்கண்ணனுக்கு உச்சி குளிர்ந்துபோனது. ஊர் திரும்பியதும் வெள்ளைப் பலகையில் ஒரு மனுஷப் பொம்மையை வரைந்து, அதைச் சுற்றி வட்டம் போட்டு, ஆஸ்பத்திரி முழுக்கப் பாடம் எடுத்தான். கூட இருந்து பார்ப்பது மட்டும் அவனுக்குக் கொஞ்சம் சிரமமாக இருந்தது. ஆண்கள் வார்டில் அடித்த வெக்கையில் கால் மணி நேரம் நின்றான், பிறகு நர்சுகளின் அறையில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டான்.

அப்படிப் பார்த்துக் கண்டுபிடித்ததுதான் வண்ண அட்டை. இன்சுலின் போட வேண்டிய ஆளின் கட்டில் தலைமாட்டில் சிவப்பு அட்டை. ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போடுகிறவருக்கு நீலம், வலிப்புக்கு மஞ்சள். ஒவ்வொருத்தரிடமும் பேர் கேட்டு, கேஸ் ஷீட்டைப் புரட்டி நேரம் போக்க வேண்டாம். நிறத்தைப் பார், மருந்தைக் கொடு. வார்டுக்குப் புதிதாக வந்த நர்சுகூடத் தவற முடியாது என்றான்.

முதலில் அட்டைகளை நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். அவை காணாமல் போயின. எங்கே போகிறது என்று பார்த்தால், நோயாளியோடு இருக்கிறவர்கள் கழற்றி விசிறிக்கொண்டிருக்கிறார்கள். சித்திரை வெயில், ஆண்கள் வார்டில் மூன்றே ஃபேன். ஒன்று சுற்றும், ஒன்று சுற்றுவதுபோல் பாவனை பண்ணும், மூன்றாவது அதுவும் செய்யாது. சிவப்பு அட்டையால் ஒரு மனுஷன் விசிறிக்கொள்கிறான் என்றால் அவனுக்குக் காற்று இல்லை என்று அர்த்தம். பச்சைப் பிள்ளைக்கும் இது புரியும். கமலக்கண்ணனுக்குக் கோபம்தான் வந்தது. ஜனங்களுக்குப் பொறுப்பு என்பதே கிடையாதா என்று கேட்டுவிட்டு, கெட்டிப் பிளாஸ்டிக்கில் அட்டை செய்து கட்டிலோடு ஸ்குரூ போட்டு முடுக்கினான். தரப்பிரிவைக் கேட்காமல் யாரும் அட்டையைத் தொடக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கையும் விட்டான்.

அதைப் படித்துக் காட்ட ஹாலில் கூட்டிய மீட்டிங்கில்தான் நர்ஸ் வினிதா எழுந்தாள். சின்னாளபட்டி பொண்ணு, வீட்டில் தறி ஓடுகிறது, வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. பெரியவர்கள் இருக்கிற இடத்தில் பேசுகிறோமே என்ற கூச்சம் முகத்தில் தெரிந்தது. ஆண்கள் வார்டில் ஓடுகிற ஒரு ஃபேனுக்குக் கீழே படுக்க ஆளாளுக்குக் கட்டில் மாற்றிக்கொள்வார்கள், யாருக்கு ரொம்ப முடியவில்லையோ அவருக்கு மற்றவர் எழுந்து இடம் கொடுப்பார், அட்டை கட்டிலில் இருந்தால் என்ன ஆகும், அதைக் கையில் கட்டினால் என்ன சார் என்று கேட்டாள்.

கமலக்கண்ணன் சிரித்தான். "வார்டுல ஒழுங்கு இல்லாததையெல்லாம் என் டிசைன்ல கொண்டாந்து போடாதீங்க சிஸ்டர். ஃபேன் ரிப்பேருக்கு எலக்ட்ரீசியன் இருக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். வினிதாவும் ஒப்புக்குச் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். அடுத்த மாதம் சென்னையில் பயிற்சி கொடுத்தவர்களிடமிருந்து அந்த அட்டைக்குப் பரிசாக ஒரு ஷீல்டு வந்தது. நிர்வாகி மரியராஜ் அதைத் தன் அறை வாசலில், உள்ளே போகிறவர் கண்ணில் படுகிற மாதிரி மாட்டிவைத்தார்.

நடந்தது இதுதான். ஓடுகிற ஃபேனுக்குக் கீழே இருந்தவர் கன்னிவாடிக்காரர் நல்லுசாமி. சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண், அதனால் தலைமாட்டில் சிவப்பு அட்டை. சுவரோரக் கட்டிலில் அகரத்து மாயாண்டி. பூந்தோட்டம் வைத்திருக்கிறவர், வயசாளி, இளைப்புக்காகச் சேர்ந்திருந்தார். சர்க்கரைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. விடிகாலையில் அவருக்கு மூச்சு இழுத்தது. நல்லுசாமி எழுந்து, புண்காலை இழுத்துக்கொண்டு சுவரோரம் போய்ப் படுத்து, மாயாண்டியைக் காற்றுக்குக் கீழே படுக்க வைத்தார். கேஸ் ஷீட்டுகள் அந்தந்தக் கட்டிலின் கால்மாட்டிலேயே தொங்கின.

அன்றைக்கு ஆள் குறைவு என்று பெண்கள் வார்டிலிருந்து வினிதாவை அங்கே அனுப்பியிருந்தார்கள். ஒருத்தி, வார்டு நிறைய நோயாளிகள். சிவப்பைப் பார்த்தாள், இன்சுலினைப் போட்டாள். ஊசியோடு சிஸ்டர் வந்தால் எதற்கு என்று கேட்கிற வழக்கம் நம் ஜனத்துக்கு ஏது, மாயாண்டி கையை நீட்டினார்.

சற்று நேரத்தில் அவர் கண் சொருகியது. காற்று பட்டதும் மனுஷன் அசந்து தூங்குகிறார் என்று அவர் சம்சாரம் சுந்தரம்மாளுக்கு முதலில் சந்தோஷம். பிறகு வேட்டியைச் சரிசெய்யப் போனவள் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். பிழிந்தால் தண்ணீர் வரும் போல நனைந்திருந்தது. ஃபேனுக்குக் கீழே படுத்தும் இம்புட்டு வேர்வையா என்று அவள் போட்ட சத்தத்தில்தான் எல்லோரும் ஓடிவந்தார்கள். சர்க்கரை அதலபாதாளத்தில் இருந்தது. குளுக்கோஸை ஏற்றி, ஐ.சி.யூ.வுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, சாயங்காலம்தான் மாயாண்டி கண் திறந்தார்.

மறுநாள் மரியராஜ் அறையில் விசாரணை. வினிதா நின்றுகொண்டிருந்தாள், கமலக்கண்ணன் உட்கார்ந்திருந்தான். பேர் கேட்டாயா என்றதற்கு அவள் இல்லை என்றாள். பேர் கேட்காதே என்று சொன்னது யார் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண் அதைச் சொல்லவில்லை. தப்பு என்னோடதுதான் சார் என்று மட்டும் சொன்னாள். மரியராஜ் கமலக்கண்ணன் பக்கம் திரும்பி, அட்டையில் ஏதும் குறை இருக்கிறதா என்று கேட்டார்.

"அட்டை சரியாத்தான் சார் இருந்துச்சு. மாறுனது ஆளு," என்றான் கமலக்கண்ணன்.

சொன்ன வாய் மூடுவதற்குள் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. வினிதா அவனை ஒரு தரம் பார்த்தாள். முறைத்திருந்தால் தாங்கியிருப்பான். அவள் பார்த்ததில் கோபமே இல்லை, இவர் இப்படித்தான் சொல்வார் என்று முன்னமே தெரிந்த மாதிரி இருந்தது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவளை அனுப்பிவிட்டார்கள். எல்லோரையும் கூட்டி வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாகப் பேச்சு. முடிவு என்ன என்பது மரியராஜ் முகத்திலேயே எழுதியிருந்தது, அவள் வேலை போகப்போகிறது.

கமலக்கண்ணனுக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. பெரியவரையாவது போய்ப் பார்ப்போம் என்று ஐ.சி.யூ.வுக்குப் போனான். வாசலில் நல்லுசாமி பெஞ்சில் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இவன் கழுத்தில் தொங்கிய ஆஸ்பத்திரி அடையாள அட்டையைப் பார்த்ததும் தட்டுத்தடுமாறி எழுந்து கும்பிட்டார். மாயாண்டி மூச்சுக்குத் தவித்ததைப் பார்க்கச் சகிக்காமல் தானே எழுந்து இடம் கொடுத்ததாகவும், தன்னால்தான் எல்லாம் என்றும், அந்தச் சிஸ்டரை ஒன்றும் செய்ய வேண்டாம் என்றும் சொன்னார். உள்ளே சுந்தரம்மாள் இன்னொரு பாட்டுப் பாடினாள். சட்டையை முன்னாலேயே தொட்டுப் பார்க்காமல் போனேனே பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள். மாயாண்டி கண்ணைத் திறக்காமலே இவன் கையைத் தடவிப் பிடித்தார்.

"அந்தப் புள்ள மேல ஒண்ணுமில்லப்பு. காத்துக்கு ஆசப்பட்டு நாந்தேன் மாறிப் படுத்தேன். வயித்துப் பாட்டுக்கு வந்த புள்ள, வேலைய எடுத்துறாதீக."

தப்பே செய்யாத ஆட்கள் ஆளுக்கொரு பங்காக அந்தத் தப்பை எடுத்துக்கொண்டார்கள். செய்தவன் பங்குக்கு மிச்சம் வைக்கவே இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது கமலக்கண்ணனுக்கு. அப்போதாவது அந்தப் பெரியவர் காதில் உண்மையைப் போட்டிருக்கலாம். "ரெஸ்ட் எடுங்கய்யா" என்று சொல்லிவிட்டுக் கையை உருவிக்கொண்டு வந்துவிட்டான்.

அதன் பிறகு ஆண்கள் வார்டுப் பக்கமே அவன் போகவில்லை. அந்த வழியாகப் போக வேண்டியிருந்தால் பின்படிக்கட்டில் ஏறிச் சுற்றிப் போனான். யாராவது சிரித்தால் தன்னைத்தான் என்று தோன்றியது, யாராவது மரியாதையாக வணக்கம் சொன்னால் அது இன்னும் மோசமாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் வார்டு பொறுப்பு சிஸ்டர் போன் பண்ணி, அட்டை விஷயமாக ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். அட்டை என்ற பேச்சைக் கேட்டதும் மேலே அவரைப் பேச அவன் விடவில்லை. மீட்டிங் முடியட்டும், அப்புறம் வாரேன் என்று போனை வைத்தான்.

போனை வைத்த கையோடு மரியராஜிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினான். வினிதா முன்னாலேயே சொன்னது, தான் சிரித்தது, பேர் கேட்க வேண்டாம் என்று தானே சொன்னது. மரியராஜ் கதவைச் சாத்தினார். ஷீல்டு கொடுத்தவர்கள் வார்டைப் பார்க்க வரப்போகிறார்கள், நர்ஸ் போனால் இன்னொரு நர்ஸ், ஆஸ்பத்திரி பேர் போனால் என்ன செய்வது, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க தம்பி, வாயை மூடிக்கிட்டு இருங்க என்று நயமாகச் சொன்னார். அந்த நயம்தான் கமலக்கண்ணனுக்குப் பயத்தைக் கொடுத்தது. இரண்டு நாளாகத் தன் மனசு தனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததும் இதே நயத்தில்தான் இருந்தது.

சாயங்காலம் அதே ஹாலில் மீட்டிங். மனுஷப் பொம்மை வரைந்த பலகை இன்னும் அழிக்கப்படாமல் நின்றது. வினிதா யூனிபார்ம் இல்லாமல் சுடிதாரில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மரியராஜ் தொண்டையைச் செருமி ஆரம்பிப்பதற்குள் கமலக்கண்ணன் எழுந்துவிட்டான். மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

"வினிதா சிஸ்டர் இப்படி நடக்கும்னு இதே எடத்துல சொன்னாங்க. வார்டுல ஒழுங்கு இல்லாததையெல்லாம் என் டிசைன்ல கொண்டாந்து போடாதீங்கன்னு சொல்லி நான் சிரிச்சேன். விசாரணையில அதை மறைச்சேன். அவங்க மேல தப்பு இல்ல, என் மேலதான்."

அன்றைக்குச் சிரித்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மரியராஜுக்கு முகம் கறுத்துவிட்டது, இத்தனை பேர் முன்னால் கேட்டதை இனி எங்கே கொண்டுபோய்ப் புதைப்பது. கடைசியில் வினிதா நாளையிலிருந்து வேலைக்கு வரலாம் என்று கடுகடுப்பாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். கமலக்கண்ணனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கிய மாதிரி இருந்தது. பார்க்கப்போனால் கொஞ்சம் பெருமைகூட எட்டிப் பார்த்தது, மனுஷ மனசின் லட்சணம் அப்படி. இனி என்ன செய்யலாம், யாருக்கு என்ன தோன்றினாலும் சொல்லுங்கள் என்று கேட்டான்.

ஆளாளுக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார்கள். பேசினால் என்ன கிடைக்கும் என்று இதே ஹாலில் பார்த்தவர்கள் ஆயிற்றே. கூட்டம் கலைகிற நேரத்தில் வினிதா மட்டும் அவன் பக்கத்தில் வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தான்.

"நானும்தான் சார் தெரிஞ்சிக்கிட்டே அன்னைக்கு நெறத்த நம்பிட்டேன்," என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "பெரியவர இன்னைக்கு வார்டுக்கு எறக்கிட்டாங்க சார். பாத்துட்டுத்தான் வாரேன். அந்தச் செவப்பு அட்டைய இன்னும் கழட்டலயே சார். நீங்க சொல்லாம யாரும் தொட மாட்டேங்கறாங்க," என்றாள்.

காலையில் வந்த போன் அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போடுகிற நேரம். கமலக்கண்ணன் ஓடினான். இரண்டு நாளாகத் தன் மானத்தை நினைத்தான், தன் பேரை நினைத்தான், தான் எப்படி மன்னிப்புக் கேட்கப்போகிறோம் என்றுகூட வார்த்தை வார்த்தையாக யோசித்து வைத்தான். கட்டிலில் கிடக்கிற அட்டையை ஒரு தரம்கூட நினைக்கவில்லை.

ஓடுகிற ஃபேனுக்குக் கீழே மாயாண்டி படுத்திருந்தார். பெரிய கண்டத்திலிருந்து தப்பி வந்தவருக்குக் காற்று வேண்டாமா என்று வார்டே சேர்ந்து அந்தக் கட்டிலைக் கொடுத்திருந்தது. நல்லுசாமி மறுபடியும் சுவரோரம் போயிருந்தார். மாயாண்டியின் தலைமாட்டில் சிவப்பு அட்டை பளிச்சென்று இருந்தது. வார்டின் அந்தக் கோடியில், அன்றைக்குத்தான் ராத்திரி வேலைக்கு வந்த புது நர்சின் மருந்து வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

கமலக்கண்ணன் குனிந்து அட்டையைப் பிடித்து இழுத்தான், நகத்தால் நெம்பினான், சில்லறைக் காசை விட்டுத் திருகினான். அசையவில்லை. நல்ல ஸ்குரூ, அவனே கடையில் நின்று பார்த்து வாங்கியது. விரலில் ரத்தம் வந்தது.

கட்டில் ஆடியதில் மாயாண்டிக்கு முழிப்புத் தட்டியது. தூக்கக் கலக்கத்தில் ஆள் அடையாளம் தெரியவில்லை, கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை போட்ட யாரோ தன்மேல் குனிந்திருப்பது மட்டும் தெரிந்தது. எதற்கு என்று அவர் கேட்கவில்லை. சட்டைக் கையை மெல்லச் சுருட்டி மேலே ஏற்றினார்.

"எந்தக் கையிலப்பு?" என்றார்.