நீளமான கேபிள்

அக்காவிடம் பொய் சொல்லி இருபத்தொரு மணி நேரம் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. வாசலில் அவள் செருப்பு கிடந்தது. அவள் ஆறு மணிக்குத்தான் வர வேண்டும். இப்போது மூன்றரை.

கேமிங் கம்ப்யூட்டரைக் கடையிலேயே பாகங்களைப் பூட்டி வாங்கிவிடலாம் என்றுதான் அவள் முதலில் சொன்னாள். "கெட்டுப்போனா தூக்கிட்டுப் போய் கடைக்காரன் தலையிலயே கட்டிடலாம், எலி." வீட்டில் எனக்கு அதுதான் பெயர். பாகங்களாக வாங்கி நாமே பூட்டினால் அதே விலைக்கு இன்னும் நல்ல கிராபிக்ஸ் கார்டு கிடைக்கும் என்றேன். வாயே திறக்காத நான் மூன்று வாரம் விடாமல் பேசினேன். "சரி தாயே, கெமிஸ்ட்ரி படிச்சவ சொன்னா கேட்டுத்தானே ஆகணும்" என்று கும்பிடு போட்டாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பூட்டினேன். எல்லாம் ஒழுங்காகப் பொருந்தியது. அக்காவின் ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும், புதுப் பவர் சப்ளையோடு வந்த கேபிள் நான்கு விரற்கடை எட்டவில்லை. பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் நீளமான ஒன்று இருந்தது. அதே ஆறு துளை, அதே கறுப்பு முனை. அதைக் கழற்றிப் புதுப் பவர் சப்ளையில் செருகினேன்; 'டக்'கென்று உட்கார்ந்தது. சுவிட்சைத் தட்டினேன். டிஸ்க்கிலிருந்து நூல் போலப் புகை வந்தது.

நான்கு வருடமாக அக்கா தானே எழுதிவரும் கேம் அதில்தான் இருந்தது.

வாசனை பிடித்து அவள் ஓடி வந்தாள். "எல்லாம் புதுசுதானே மாட்டின?"

"ஆமா."

"அப்ப டிஸ்க்குக்கு வயசாயிடுச்சு. விடு, ஆபீஸ்ல ஒரு காப்பி இருக்கு. நாளைக்கு எடுத்துட்டு வரேன்." என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

இன்று லேபில் தண்ணீர் மாதிரிகளுக்கு நடுவே போனில் தேடிப் படித்தேன். முனைகள் ஒன்றாக இருந்தாலும் உள்ளே கம்பிகளின் வரிசை ஒவ்வொரு பவர் சப்ளைக்கும் மாறலாம். ஐந்து வோல்ட் போக வேண்டிய கம்பியில் பன்னிரண்டு போயிருக்கிறது. அந்தக் கேபிள் இன்னும் உள்ளேதான் இருந்தது. கையிலிருந்த பிப்பெட்டைக் கீழே வைத்தேன். தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவள் வருவதற்குள் மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது.

உள்ளே போனேன். கம்ப்யூட்டரின் பக்கத் தகடு கழற்றிச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அக்கா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீயும் சீக்கிரமா வந்துட்டியா? பாரு, நானே மாட்டிட்டேன்!"

ஆபீஸிலிருந்து கொண்டுவந்த டிஸ்க். அதன் வாலில் அந்த நீளமான கேபிள்.

"அக்கா, டீ குடிச்சிட்டுப் பார்க்கலாமே."

"டீ எங்க ஓடிப்போகுது? இதுல கேம் ஓடுறத முதல்ல பார்க்கணும். இதுதான் கடைசிக் காப்பி. இதுவும் போச்சுன்னா நான் மொட்டை அடிச்சிட்டு எங்கயாவது மலைக்குப் போயிடுவேன்." சிரித்தாள்.

நான் அவள் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அவன் யாருடி? அவனை நம்பியிருந்தா பூட்டினதையே வாங்கியிருப்பேனே. உன்ன நம்பித்தானே இத்தனையும்." பின்பக்கம் கையை விட்டுச் சுவிட்சைத் தடவினாள். "எங்க இருக்கு இது? ஆங்..."

சுவரில் இருந்த பிளக்கை வேரோடு பிடுங்குவதுபோல் இழுத்தேன். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"ஏய், என்னடி பண்ற?"

பிளக் என் கையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அந்தக் கேபிள் புதுசு இல்லக்கா. பழசுலேர்ந்து எடுத்து நான்தான் மாட்டினேன். நேத்து உன் டிஸ்க்க எரிச்சது நான்தான்."