கிரேனில் இரண்டு பாதங்கள்

"காலை மட்டும் எடுத்துடு மச்சான். வேற ஒண்ணும் கேக்கல."

"காலை எடுத்தா படம் நொண்டியாயிடும் அத்தான்."

"படம் நொண்டியானா ஒரு படத்தோட போச்சு. எனக்குப் பொழப்பே நொண்டியாயிடும்டா!"

இரும்பாலையின் கிரேன் ஓட்டுநர் தன் மனைவியின் தம்பியிடம் இப்படிக் கெஞ்சிக்கொண்டிருந்தது, ஆலைக்குப் பக்கத்தில் இருந்த பழைய கிடங்கில். கிடங்குக்கு வெள்ளையடித்து, தீயணைப்பு வாளிகளுக்கு நடுநடுவே ஆணியடித்து, மச்சானின் ஓவியங்களை மாட்டியிருந்தார்கள். எல்லாம் இந்த ஊர்தான். புகைபோக்கிகள், தண்டவாளங்கள், மழையில் ஊறிய நிலக்கரி மேடு, ஷிப்ட் முடிந்ததும் மதகு திறந்ததுபோல வெளியே கொட்டும் சைக்கிள்கள். அக்கா வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து, அக்கா கையால் சாப்பிட்டு, வருஷக்கணக்கில் வரைந்தவை.

பிரச்சினை நடுச்சுவரில் தொங்கிய பெரிய படத்தில் இருந்தது. அதில் ஊரே வேலை செய்துகொண்டிருக்கிறது. உலை தீயைக் கக்குகிறது. லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. கீழே சிலர் அண்ணாந்து கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிடுகிறார்கள். மேலே கிரேனின் கண்ணாடிக் கூண்டு. அதன் ஜன்னலுக்கு வெளியே இரண்டு வெறுங்கால்கள், கட்டைவிரல்கள் வானத்தைப் பார்த்தபடி, ராஜ உறக்கத்தில். ஆலையில் இருப்பது ஒரே கிரேன். அதில் ஏறுகிறவரும் ஒரே ஆள். காலுக்குக் கீழே பெயர் எழுதி ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை.

"லாரி வரலைன்னு கொஞ்சம் சாய்ஞ்சேன். அப்ப கீழ ஈ காக்கா கிடையாது. இவனுங்க எங்கேருந்து முளைச்சானுங்க?"

"அவங்க கை ஆட்டினது வேற நாள் அத்தான். நீங்க தூங்கினது வேற நாள். நான் ஒண்ணாச் சேர்த்து வரைஞ்சேன்."

"நீ சேர்த்துவெச்சே. மேனேஜர் என்னைத் தனியாப் பிரிச்சு வீட்டுக்கு அனுப்பப்போறாரு."

கண்காட்சியைத் திறந்துவைக்க வருவது அந்த மேனேஜர்தான். ஆலைக்குப் புது ஃபோர்மேன் யார் என்று இந்த வாரம் முடிவு செய்யப்போவதும் அவர்தான். கிரேன் ஓட்டுநருக்குத்தான் கிடைக்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. அவர் மனைவி ஒருபடி மேலே போய், தெருக்குழாயடியில் ஃபோர்மேன் மனைவியாகவே நடந்துகொள்ளத் தொடங்கியிருந்தாள்.

"படத்துல எல்லாமே பறக்குது. அந்த ரெண்டு கால் மட்டும்தான் நிம்மதியா இருக்கு. அதுதான் படத்தோட உயிர்," என்றான் ஓவியன்.

"அதுக்கு என் உயிரா கிடைச்சுது?"

வாசலில் கார்ச் சத்தம் கேட்டது. ஓவியன் தலையைக் கோதிக்கொண்டு ஓடினான்.

அதன்பின் நடந்ததற்கு ஓட்டுநரின் தொழிலைத்தான் குறை சொல்ல வேண்டும். நாளெல்லாம் உயரத்திலிருந்தே பார்க்கிறவருக்கு லாரி ஒரு தீப்பெட்டி, மனிதன் ஓர் எறும்பு. இத்துனூண்டு கால்களை மறைக்க எவ்வளவு வேண்டிக்கிடக்கிறது என்று நினைத்து, சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் கிரீஸ் டப்பாவைத் திறந்து, கட்டைவிரலால் ஓர் இழுப்பு இழுத்தார். கால்கள் போயின. கூடவே கூண்டும் போனது. சரிசெய்யலாம் என்று தேய்த்ததில் ஒரு புகைபோக்கியும் கால்வாசி வானமும் காலி.

மேனேஜர் நாடாவை வெட்டி உள்ளே வந்தார். பின்னாலேயே ஆலை ஆட்கள் குடும்பத்தோடு நுழைந்து, படங்களில் தங்கள் வீட்டைத் தேட ஆரம்பித்தார்கள்.

"இதோ என் வீட்டு ஜன்னல்!"

"உன் வீட்டுல ஜன்னல் வேற இருக்கா?"

மேனேஜர் நேராகப் பெரிய படத்தின் முன் போய் நின்றார். "இது என்னது?"

ஓவியன் ஓடிவந்து படத்தருகே குனிந்து பார்த்தான்.

"காக்கா சார்," என்றார் லேத் மிஷின்காரர், உதவுகிற நினைப்பில்.

"இவ்வளவு பெரிய காக்காவா?"

"கிட்டத்துல பறக்குது சார்."

"நவீன ஓவியம் சார். அப்படி அப்படித்தான் இருக்கும்," என்றார் கிரேன் ஓட்டுநர், கட்டைவிரலைப் பாக்கெட்டுக்குள் ஒளித்தபடி.

அவர் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தம்பி இந்தப் படத்தை இன்றுவரை துணி போட்டு மூடியே வைத்திருந்ததால், அவளுக்கும் இதுதான் முதல் பார்வை. "காக்காவாவது குருவியாவது! இது கிரீஸ். தினம் சட்டையில தேய்ச்சுத் துவைக்கிறவளுக்குத் தெரியாதா? எந்தக் கட்டையில போறவன் என் தம்பி படத்துல கை வெச்சான்?"

கேட்டுக்கொண்டே கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தாள். சாயம் எப்போதோ காய்ந்து இறுகியிருந்தது. கிரீஸ் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. வானம் வந்தது, கூண்டு வந்தது, மெருகேற்றியதுபோலப் பளபளவென்று இரண்டு கால்களும் வந்தன. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்தக் கால்களை அடையாளம் காட்ட ஆள் தேவையில்லை. துடைத்ததைவிட வேகமாகக் கைக்குட்டையை அதே இடத்தில் அப்பினாள்.

"கையை எடும்மா," என்றார் மேனேஜர்.

எடுத்தாள். அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்.

"நம்ம கிரேன்தானே?"

"ஆமா சார்," என்றது எங்கோ ஆழத்திலிருந்து ஓட்டுநரின் குரல்.

மேனேஜர் அவர் தோளில் கை போட்டு, யாரும் இல்லாத மூலைக்கு அழைத்துப் போனார். ஃபோர்மேன் வேலை போயிற்று, கிரேனாவது மிஞ்சுமா என்று மனம் அடித்துக்கொண்டது. "சார், அன்னிக்கு லாரி..."

மேனேஜர் கையைக் காட்டி நிறுத்தினார். "அங்க மேல உலைச் சத்தம் கேக்குமா?"

"கேக்கும் சார். தாலாட்டு மாதிரி..." சொல்லிவிட்டு ஓட்டுநர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மேனேஜருக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு கிட்டத்தில் அவர் முகத்தை ஓட்டுநர் பார்த்ததேயில்லை. கண்கள் உலைவாய்போலச் சிவந்து, கீழே கரி பூசியதுபோல வளையம் கட்டியிருந்தன. சிக்கவைக்கத்தான் இப்படிக் குழைகிறாரோ என்றும் ஓட்டுநருக்கு ஒரு சந்தேகம். தூரத்தில் மனைவி அழுக்குக் கைக்குட்டையும் கையுமாக, கண்ணாலேயே 'என்னவாம்?' என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மாத்திரை போட்டும் தூக்கம் வரல, ஊரை விட்டுப் போய்ப் படுத்தும் வரல. நாளைக்கு மத்தியானம், யார் கண்ணுலயும் படாம, என்னை ஒரு தடவை மேல கூட்டிட்டுப் போறியாப்பா?"