இரண்டு இழுப்பு

இரண்டு இழுப்பு, சின்னதாக, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை, கயிறு மட்டும் கையில் கனக்கிறது, சோற்றைப் பிசையும்போதும் கோயிலில் சிலுவை போடும்போதும் கஸ்பாரின் உள்ளங்கைக்குள் அது வந்து தொட்டுவிட்டுப் போகிறது, எட்டு மாதமாயிற்று, சனியன் விடமாட்டேன் என்கிறது. இப்போதும் தங்கச்சி வீட்டு முற்றத்தில் குந்தி, தெர்மாகோல் பலகைமேல் சிமெண்டை அப்பிக்கொண்டிருக்கும்போது வந்துவிட்டது, சிமெண்டு, சிப்பித்தூள், அதோடு இரண்டு படி கல்லுப்பு, உப்பு எதுக்குண்ணே என்று ரெஜினாள் கேட்கிறாள், தண்ணியில போட்டா உப்பு கரைஞ்சிரும், இருந்த இடமெல்லாம் ஓட்டை ஓட்டையா நிக்கும், அசல் பாரு மாதிரியே இருக்கும் பாரேன் என்கிறான் அவன். பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு, சங்கு கிடக்கிற இடம். பவளத்தை வெட்டிவந்து வீட்டில் வைத்தால் ஜெயில்தான், அதனால் பாரையே சிமெண்டில் செய்துவிடுவது என்று இறங்கிவிட்டான், கரண்டி பிடிக்கத் தெரியாதவன், விரலாலேயே வழித்து வழித்து, இந்த மடிப்புக்குக் கீழேதான் கிழட்டுக் களவா மீன் படுத்திருக்கும், இந்தப் பொந்தில்தான் சலேத் ஒரே முங்கில் ஒன்பது சங்கு எடுத்தான், காது கிழிவதற்கு முன் பத்து வருசம் கஸ்பாரும் முங்கிய பார் அது, கண்ணை மூடினால் இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

சலேத், ரெஜினாளின் புருசன், உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளில் அந்தப் பக்கம் திரும்பியவன் திரும்பியவன்தான், இடுப்புக்குக் கீழே உயிரில்லை, வாய்க்கு ஒன்றும் கேடில்லை என்று டாக்டர் சொன்னார், ஆனால் ஒரு வார்த்தை கிடையாது, பெண்டாட்டியிடமும் கிடையாது, போன மாதம் கஞ்சியையும் தள்ள ஆரம்பித்தான், அண்ணே, செவுத்தையே பாத்துட்டுக் கெடக்காவ, இப்பிடியே விட்டா இவியள மண்ணுக்குத்தான் குடுக்கணும் என்று ரெஜினாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள், அன்றைக்குத்தான் கஸ்பார் முடிவு செய்தான், சுவரைத்தானே பார்க்கிறான், சரி, அந்தச் சுவரை ஒட்டி ஒரு மீன்தொட்டியில் கடலையே கொண்டுவந்து வைக்கிறேன், ஒரு வார்த்தை பேசட்டும், கெட்ட வார்த்தையாக இருந்தாலும் சரி, என்னைப் பார்த்து ஒரு வார்த்தை.

மச்சான்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்பது அந்தக் கரையில் சட்டம் மாதிரி, தங்கச்சி தாலியைக் கையில் வைத்திருக்கிறவன் கயிற்றை விடமாட்டான் என்று கணக்கு, கஸ்பாரும் விடவில்லை, விட்டிருந்தால்கூட நன்றாயிருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது, பதினாறு பாகத்தில், கிட்டத்தட்ட நூறடி ஆழத்தில், சலேத் கீழே நிற்கிறான், வள்ளத்தில் அவனுக்கு மூச்சுக்காற்று அனுப்புகிற கம்ப்ரசர் பெல்ட் அறுந்து படாரென்று அடிக்கிறது, காற்று டிரம்மில் மிச்சம் ஐந்தாறு நிமிசத்துக்கு இருந்தது, அது கஸ்பாருக்கும் தெரியும், சலேத்துக்கும் தெரியும், அவன் நிதானமாகப் பாதிவரை ஏறிவந்து நின்று கயிற்றை இழுத்தான், ஒன்று என்றால் விடு, இரண்டு என்றால் நில், மூன்று என்றால் தூக்கு, இரண்டுதான் இழுத்தான், நிற்கவில்லை கஸ்பாரின் கை, பைத்தியம் பிடித்த கை, மளமளவென்று சுருட்டியது, மேலே வந்த சலேத் சிரிக்கக்கூடச் சிரித்தான், பீடி கேட்டான், கால் மணி நேரம் கழித்து, மச்சான் காலு எங்கயோ போற மாதிரி இருக்கே என்றான். நடுவில் நின்று வராமல் வேகமாக ஏறினால் ரத்தத்தில் காற்று கொப்புளித்துக் காலை முடக்கிவிடும் என்று சங்கு குளிக்கிற எவனுக்குத் தெரியாது. ஊரே அவனைத் தட்டிக்கொடுத்தது, காத்து நின்னுபோச்சு, நீ மட்டும் இழுக்கலன்னா அங்கேயே செத்திருப்பான்டே என்றார்கள், அவன் தலையை ஆட்டினான், அந்த இரண்டு இழுப்பைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை, கட்டிலில் கிடந்தவனும் திறக்கவில்லை.

சிமெண்டுப் பாரை நல்ல தண்ணியில ரெண்டு மாசம் ஊறப்போடுங்க, தெனம் தண்ணிய மாத்துங்க, சுண்ணாம்புக் காரம் எறங்கணும், தடவினா வழவழன்னு இருக்கப்படாது, அதுக்குள்ள மீன விட்டீங்கன்னா அவ்வளவுதான் என்று தொட்டிக் கடைக்காரர் மூன்று தடவை சொல்லியிருந்தார். பன்னிரண்டாம் நாள் சலேத்தின் விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது, கஸ்பார் பாரைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துத் தடவினான், வழவழப்பு இருந்தது, கைக்குத் தெரிந்தது, தெரிந்தும் துடைத்துவிட்டு உள்ளே தூக்கிக்கொண்டு போனான். நாலடித் தொட்டி, கட்டில் உயரத்துக்கு மேசை, பின்கண்ணாடியை ஒட்டிப் பார், வள்ளக்காரர்கள் கொண்டுவந்த கடல்தண்ணீர், இரண்டு கோமாளி மீன், மஞ்சளில் ஒன்று, விரல் நீளத்தில் ஒரு களவாக் குஞ்சு. குஞ்சு நேராகத் தன் மடிப்புக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது, சலேத்தின் கண் அதோடு போனது, ரெஜினாள் கஞ்சியை நீட்ட அரை டம்ளர் குடித்தான், கஸ்பார் முற்றத்துக்கு வந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ரெஜினாள் பூசைக்குப் போயிருந்தாள், கஸ்பார் உள்ளே வந்தபோது மஞ்சள் மீன் மல்லாந்து மிதந்தது, கோமாளிகள் மேலே வந்து வாயைப் பிளந்தன, ஒன்று கண்முன்னாலேயே சாய்ந்தது, அதைச் சலேத் பார்த்துக்கொண்டே கிடக்கிறான், ஐயோ மாதாவே, இவன் கண்ணெதிரேயே இன்னொரு தடவையா, கஸ்பார் இரண்டு கையையும் தொட்டிக்குள் விட்டுப் பாரைப் பிடித்து இழுத்தான், அது தரையில் விழுந்து நாலாக உடைந்தது, குழாயைப் போட்டுத் தண்ணீரைப் பாதிக்கு இறக்கினான், இரண்டாவது கோமாளியும் போயிற்று, களவாக் குஞ்சு மட்டும் மூலையில் செவுளை அடித்துக்கொண்டு கிடந்தது, புதுத் தண்ணீர் டிரம்மை ஸ்டூலில் ஏற்றி, குழாயைக் கட்டில் குறுக்கே இழுத்துத் தொட்டிக்குள் விட்டான், தண்ணீர் சீறிக்கொண்டு பாய்கிறது, குஞ்சு சுழல்கிறது, நிறையட்டும், சீக்கிரம் நிறையட்டும் என்று அவன் கை டிரம்மைச் சாய்க்கப் போகிறது.

அப்போது குழாய் இழுபட்டது. ஒன்று, இரண்டு.

எந்தக் கடலில் நிற்கிறோம் என்று ஒரு கணம் அவனுக்குத் தெரியவில்லை, வெயில் முதுகில் அடித்தது, பெல்ட் அறுந்த சத்தம் கேட்டது, இந்த முறை கை நின்றது. குழாயை மடக்கிப் பிடித்தான், தண்ணீர் நின்றது. கட்டிலிலிருந்து ஒரு கை, எலும்பும் தோலுமான கை, குழாயைப் பிடித்திருந்தது, பைய, மச்சான் என்றான் சலேத், எட்டு மாதம் பேசாத தொண்டை, காரம் ஏறிக் கெடக்கு, ஒரேயடியா மாத்தினா தாங்காது, பைய. சரி மாப்ள, சரி மாப்ள என்றான் கஸ்பார். சலேத் தொட்டியைப் பார்த்தபடியே சொன்னான், அன்னைக்கும் ரெண்டுதான் இழுத்தேன். தெரியும் மாப்ள, கைக்குத் தெரிஞ்சுது, பயந்துட்டேன். சலேத் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை, பூசை முடிந்து வந்த ரெஜினாள் வாசற்படியில் முக்காட்டோடு அப்படியே நின்றாள், பார் இல்லாத தொட்டிக்குப் பின்னால் பழைய சுண்ணாம்புச் சுவர் தெரிந்தது, மூலையில் குஞ்சின் செவுள் இன்னும் அசைந்துகொண்டிருந்தது, கஸ்பார் மடக்கிய குழாயோடு நின்றான், உள்ளங்கையை மட்டும் கேட்டுக்கொண்டு, எவ்வளவு நேரமானாலும் சரி என்று நின்றான், ரொம்ப நேரம் கழித்து வந்தது, ஒரே ஒரு இழுப்பு, அவன் பைய விட்டான்.