பொன்னுக்கு வீங்கிய லீக்

துறைமுக லீக்கின் தங்கக் கிண்ணத்தின் விலை பதினான்கு ரூபாய். பெயர்தான் தங்கம், உடம்பு பித்தளை, மேலே ஒரு பூச்சு. அழுத்தித் தேய்க்க வேண்டாம் என்று சொல்லித்தான் விற்றவரே கட்டிக் கொடுத்தார். ஆனால் மூதூர் றஊப் முதலாளியிடம் அதற்கு விலை கேட்டிருந்தால், தன் பிடவைக் கடையைக் கொடுத்து, கடைக்குள் இருந்த துணிக்கட்டுகளையும் கொடுத்து, மிச்சத்துக்குத் தவணை கேட்டிருப்பார்.

காரணம் இருந்தது. மூதூர் உதைபந்தாட்ட அணிக்குப் பந்து, காற்சட்டை, சோடா எல்லாம் அவர் கைக்காசு. இரண்டு வருடமாக இறுதி ஆட்டத்தில் குடாவின் அக்கரையில் உள்ள சல்லி ஊர்க்காரர் அந்த அணியைத் தோற்கடித்துக்கொண்டிருந்தார்கள். தோல்வியைத் தாங்கலாம். மூதூருக்குத் திரும்பும் லோஞ்ச் படகு வெறுங்கையோடு ஜெற்றியை விட்டுப் புறப்படும்போது சல்லிக்காரர் வரிசையாக நின்று தகர டப்பா தட்டுவார்களே, அதைத்தான் தாங்க ஏலாது. குடாவைத் தாண்டி வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் றஊப்பின் காதுக்குள் டப்பா ஓயாது.

மூன்றாவது வருடமும் அதே இரண்டு அணிகள்தான் இறுதிக்கு வந்தன. ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கையில், லீக் செயலாளர் நிக்கலஸ் லோஞ்சால் இறங்கி நேரே கடைக்கு வந்தார்.

"முதலாளி, கிண்ணம் உங்களுக்குத்தான். சல்லியில பதின்மூன்று பேரில எட்டுப் பேருக்குக் கூகைக்கட்டு. ஒவ்வொருத்தன்ர முகமும் பலாப்பழம். ஏழு பேர் இறங்காட்டி மற்றப் பக்கத்துக்கு வெற்றி. லீக் சட்டம்."

றஊப் வாய் திறக்குமுன் உள்ளேயிருந்து மனைவி நபீஸாவின் குரல் வந்தது. "வருத்தக்காரனிட்டப் பறிச்ச கிண்ணம் எண்டு இன்னும் பலமாத் தட்டுவானுகள். அதை என்ட அலுமாரியில வைக்க ஏலாது."

"எனக்கு அடிச்சு வெண்ட கிண்ணம்தான் வேணும், ஐயா," என்றார் றஊப். "கூட்டத்தைக் கூட்டுங்க."

கூட்டம் ஜெற்றியில் நடந்தது. வருத்தம் தொற்றிவிடும் என்று, சல்லிக்காரர் யாரும் ஒரு தோணி நீளத்துக்குக் கிட்ட வரக்கூடாது, அவர்களிடம் யாரும் போகவும் கூடாது என்று லீக் தீர்மானம் போட்டிருந்தது. ஆகவே நிக்கலசும் றஊப்பும் ஜெற்றியில் கதிரை போட்டிருக்க, சல்லி அணித் தலைவன் யோகலிங்கம் தலையைச் சுற்றித் துவாய் கட்டிக்கொண்டு தோணியில் மிதந்தான். பேரம் பேசப் போகிறவர் வெறுங்கையோடு போவாரா? றஊப் மடியில் ஒரு போத்தல் மாங்காய் அச்சாறு, கண் கூசும் புளிப்பு. ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். தோணியில் இருந்தவன் இரண்டு கன்னத்தையும் பொத்திக்கொண்டு துள்ளினான்.

"முதலாளி! அந்தப் போத்தலை மூடுங்கோ! பார்க்கவே தாடை பிய்யுது!"

"மூடலாம் தம்பி. எப்ப ஆடுவீங்கள்?"

"ஒரு கிழமை தள்ளி வைக்கிறம்," என்றார் நிக்கலஸ்.

"ஒரு கிழமையில வத்தாது ஐயா. இது பொன்னுக்கு வீங்கி. தங்கச் சங்கிலி போட்டாத்தான் இறங்கும். எங்கட பொன் எல்லாம் அடைவு கடையில அடகில கிடக்கு. அங்க போய்க் கழுத்தை நீட்டவோ?"

றஊப்புக்குச் சிரிப்பு வந்தது. மூதூரில் அவருடைய மார்க்கத்து ஆம்பிளைகள் பொன் போடுவதில்லை. அதனால் பெண்டுகளிடம் இரட்டிப்பாகக் கிடந்தது.

"எட்டுச் சங்கிலி நான் தாறன். மூன்று கிழமை தவணை. ஆனா பதினொரு பேர் முழுசா இறங்கவேணும்."

"இறங்குவம். தோத்தா டப்பா தட்டமாட்டம்."

"அது காணாது. தோத்தா எனக்காகத் தட்டவேணும். லோஞ்ச் கண்ணுக்கு மறையுமட்டும்."

யோகலிங்கம் யோசித்தான். றஊப் இன்னொரு மாங்காய்த் துண்டைத் தூக்கினார். "ஓம், ஓம், சம்மதம்!"

சங்கிலிகளைக் கூடையில் வைத்துக் கயிற்றால் தோணிக்கு இறக்கலாம் என்றார் நிக்கலஸ்.

"பொன்னைக் கூடையில இறக்கவோ? இதென்ன சூடை மீனோ?" தலைமுறையாக வியாபாரம் செய்த குடும்பம். பொன் கைக்குக் கை மாறவேண்டும், கொடுப்பவர் கண் முன்னே கொழுவவேண்டும். லீக் தீர்மானத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு றஊப் சல்லிக்கே போனார். எட்டுக் கழுத்திலும் தன் கையாலேயே கொழுவினார். கொளுக்கி சரியோ என்று மூக்கும் மூக்கும் முட்டுமளவுக்குக் குனிந்து பார்த்தார். அவர்கள் கொடுத்த தேத்தண்ணீரையும் குடித்துவிட்டு வந்தார்.

மூன்று கிழமையில் வீக்கமெல்லாம் வற்றிப் பதினொரு பேரும் இறங்கினார்கள். சங்கிலிகள் ஆட்டத்துக்கு முன்பே எண்ணி வாங்கியாயிற்று. இடைவேளையில் கோல் ஒன்றுக்கு ஒன்று. பிறகு பக்கத்துக் கோட்டைக்குள் மேய்கிற மான்களில் ஒன்று மைதானத்தில் புகுந்து, அதைத் துரத்தவே பத்து நிமிடம் போனது. கடைசியில் மூதூர் ஸுஹைர் அடித்த பந்து கம்பத்தில் பட்டு, கோல் காப்பவனின் முதுகில் பட்டு, வேறு போக்கிடம் இல்லாததுபோல வலைக்குள் உருண்டது.

மூதூரே குதித்தது. றஊப் மட்டும் குதிக்கவில்லை. பக்கத்தில் யாரோ சந்தோஷத்தில் நீட்டிய அச்சாற்றை வாயில் வைத்தவர், காதடியில் மின்னல் வெட்டியதுபோல அப்படியே நின்றுவிட்டார்.

வாக்குப் பிசகவில்லை. லோஞ்ச் புறப்பட, சல்லிக்காரர் வரிசையாக நின்று டப்பா தட்டினார்கள். இரண்டு வருடமாகக் காத்திருந்த சத்தம். கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்த றஊப்புக்குச் சிரிக்க ஏலாமல் வாய் ஒரு பக்கம் இழுத்தது.

"முதலாளி, ஒருக்காச் சிரியுங்கோவன்!" என்று கத்திய யோகலிங்கம், கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "அடேய், இடது கன்னத்தைப் பாருங்கோடா!" ஒரு கணம் டப்பா நின்றது. பிறகு முன்னையிலும் பலமாகத் தொடங்கியது. "சங்கிலி வேணுமோ, முதலாளி?"

வீட்டில் நபீஸா விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து புருஷனின் கன்னத்தைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள்.

"பொன் போட ஏலாது. இது பித்தளைதானே?"

"பதினாலு ரூபாப் பித்தளை," என்று முனகினார் றஊப்.

"அப்ப குற்றமில்ல. மேல மினுங்குதே, வீக்கம் ஏமாந்துபோகட்டும்." கிண்ணத்தின் இரண்டு காதிலும் சேலைக்கரைத் துண்டைக் கோர்த்து அவர் கழுத்தில் கட்டிவிட்டாள்.

கிண்ணம் பார்க்க வந்த ஊர், முதலாளியையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, வாசலைத் தாண்டாமல் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் நெஞ்சில் கிண்ணம் ஆட, மனதுக்குள் கணக்கை முடித்தார்: சங்கிலி, போனது எட்டு, வந்தது எட்டு. கோல், மூதூர் இரண்டு, சல்லி ஒன்று. டப்பா, தீர்ந்தது. கன்னம், சல்லி பதினாறு, மூதூர் ஒன்று. மற்றக் கன்னம் பாக்கி.